கொளப்பள்ளியிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம், தனுஷ்கோடி: அப்பாயி வந்து இறங்கின கரையைப் பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள்

கொளப்பள்ளிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பந்தலூர் பக்கம் கொளப்பள்ளி. டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) எண்பது தாண்டிவிட்டது. 1971-இல் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். பாம்பனில் புதுப் பாலம் திறந்ததை டிவியில் காட்டியபோது, குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பழைய பாலத்த என்னா செய்வாங்க? அதுலதான்டா நாங்க வந்தோம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். பொங்கல் கழிந்ததும் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அவர் தகரப் பெட்டியில், தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் பத்திரமாக இருக்கிறது. மடிப்பு இற்றுப்போய், பின்பக்கம் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். போட்டோவில் தாத்தா கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். பக்கத்தில் பெரியப்பா, அப்பாயி மடியில் அப்பா. ரப்பர் முத்திரையில் பாதி பெரியப்பா தலைமேல் விழுந்திருக்கிறது.

கேள்விகள்: வேனா, ரயிலா? கோயிலைத் தவிர என்னென்ன பார்க்கலாம்? அப்புறம், பெரியப்பா "நம்ம ஆளுக தனுஷ்கோடியிலதான் கப்பல் ஏறி இறங்குனது" என்கிறார். அப்பாயி "தனுஷ்கோடிய நான் கண்ணாலயே பாத்ததில்ல, ராமேஸ்வரத்துல எறக்கி மண்டபத்துல வெச்சிருந்தாங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

குன்னூர் வண்டி எழுதியது:

தம்பி, வேன் வேண்டாம் என்று வேன் ஓட்டுகிறவனே சொல்கிறேன். கொளப்பள்ளியிலிருந்து கூடலூர், ஊட்டி, குன்னூர் என்று ஏறி இறங்கி மேட்டுப்பாளையம் வந்து சேரவே அரை நாள் ஓடிவிடும். வயதானவரை உட்கார்த்தி வைத்து அதற்குமேல் ராமேஸ்வரம் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டினால் கால் இரண்டும் வீங்கிவிடும்.

பஸ்ஸும் சுகமில்லை. மலையிலிருந்து வருகிற பஸ் கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு ஸ்டாண்டில் விடும். மதுரை பஸ் கிளம்புவது சிங்காநல்லூரில். மதுரை போனால் கோவை பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும், ராமநாதபுரம் பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணி போகணும். ஆக இரண்டு ஊரிலும் மூட்டை முடிச்சோடு ஆட்டோ.

கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேர் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். அது ராத்திரி ரயில், பாலம் வருகிற நேரத்துக்கு வெளிச்சம் வந்திருக்குமா என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். என்னைக் கேட்டால் மதுரையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் பகலில் பாசஞ்சர் பிடிப்பது உத்தமம். ஜன்னலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கடல்தான். அப்பாயி வந்த பழைய பாலத்தை அதற்குள் பிரித்துவிடாமல் இருந்தால் பக்கத்திலேயே தெரியும்.

கூடலூர் வாத்தியார் எழுதியது:

பெரியப்பாவும் சரி, அப்பாயியும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு காலத்தைச் சொல்கிறார்கள்.

தோட்ட வேலைக்கு நம் ஆட்கள் சிலோன் போனது காப்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது தோணியில் கடல் தாண்டி, மன்னார் காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடைதான். பலர் வழியிலேயே செத்தார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் நேராகத் தனுஷ்கோடித் துறைமுகத்துக்கே போனது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் இலங்கைக் கரையில் தலைமன்னார். மறுகரையில் இறங்கினால் அந்தப் பக்கத்து ரயில். இதைத்தான் போட் மெயில் என்பார்கள். உங்கள் தாத்தாவின் அப்பா அந்தக் காலத்தில் போயிருந்தால் தனுஷ்கோடி வழியாகத்தான் போயிருப்பார். பெரியப்பா அவர் வாயால் கேட்ட கதையாக இருக்கும்.

இனி தேதியைக் கவனியுங்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. அதன்படி சிலோனில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. (1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கேட்டுச் செய்தார்களா என்பது வேறு கதை.) கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஊருக்குள் நுழைகிற நேரத்தில் அலை அடித்து, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை. ஒப்பந்தத்தின்படி ஆட்கள் வரத் தொடங்கியது அதற்கும் சில வருஷம் கழித்து. அதனால் கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தது. 1971-இல் வந்த அப்பாயி தனுஷ்கோடியைப் பார்த்திருக்க வழியே இல்லை.

இன்னொன்று. 1948-இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள்தான் இவர்கள் எல்லாரும். நீங்கள் பிறந்த லயம் இருக்கிற டேன்டீ, 1968-இல் இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு ஆரம்பித்தது. பந்தலூர், சேரம்பாடிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கணும் என்று வகுப்பில் சொல்வேன். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், நாலு பேர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்பார்கள்.

ஹட்டிப்பையன் எழுதியது:

கோத்தகிரியிலிருந்து. நாங்கள் சிலோன் குடும்பம் இல்லை, படகர். ஆனாலும் ராமேஸ்வரம் என்றால் எங்கள் ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) வண்டி கட்டிப் போகிற இடம்தான்.

முதலில் கோயில். வரலாறு எல்லாம் அப்புறம். மூன்றாம் பிரகாரத்தில் ஒரு முனையில் நின்று பார்த்தால் தூண் வரிசை சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியில் போய் முடிகிறது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியது, 18-ஆம் நூற்றாண்டில்தான் முடிந்தது. உள்ளே 22 தீர்த்தம். வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே போவார்கள். நமக்குப் பச்சைத் தண்ணீர் ஒன்றுமில்லை, ஆனால் ஈரத் துணியோடு கல்தரையில் நடக்கிறபோது வழுக்கும். எண்பது வயதுக்காரரை 22-க்கும் இழுத்துப் போகாதீர்கள். அக்னி தீர்த்தம் என்கிற கடலில் காலை நனைத்துவிட்டு, உள்ளே ஒன்றிரண்டு கிணற்றுத் தண்ணீர் தலையில் தெளித்தால் போதும்.

மாற்றுத் துணி கட்டாயம். ஸ்வெட்டர் எல்லாம் மேட்டுப்பாளையத்தோடு மூட்டை கட்டிவிடுங்கள். தை மாதம் நல்ல தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழை. சித்திரை, வைகாசியில் நம் உடம்பு தாங்காது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு, நல்ல மீனும் குறைவு.

சேதுச்சீமை மருமகள் எழுதியது:

தலைகீழ் மருமகள். பிறந்த வீடு ராமநாதபுரம், வாக்கப்பட்டது குன்னூர். எல்லாரும் ராமநாதபுரத்தைத் தாண்டி ஓடுகிறீர்களே என்று எனக்கு எப்போதும் ஆற்றாமை. ஒரு பொழுது அங்கே இறங்குங்கள்.

ஊருக்குள்ளேயே ராமலிங்க விலாசம் அரண்மனை. கிழவன் சேதுபதி காலத்தில் எழும்பியது, இப்போது தொல்லியல் துறையிடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கும். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள், சுவர், வளைவு, விதானம் என்று ஓர் இடம் விடாமல் நிறைந்திருக்கும். தஞ்சாவூர் மராட்டியப் படையோடு நடந்த சண்டை, ராமாயணம், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் சேதுபதி முன்னால் நிற்பது, அந்தப்புரம் எல்லாம் பக்கம் பக்கமாக. சிவப்பும் மஞ்சளும் பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆள் உயரத்துக்குக் கீழே கை பட்டுத் தேய்ந்துபோன இடங்களும் உண்டு. போகிற நாளில் திறந்திருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நின்று திரும்பியவர்கள் எங்கள் வீட்டு விருந்தாளிகளிலேயே நிறைய.

அங்கிருந்து தெற்கே கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பாருங்கள். கோயில் மண்டபம் மாதிரியே கல்தூண், அதன் தலையில் போதிகை. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. கிழவன் சேதுபதியும் அவரும் நெருக்கம். தொழுகை நேரம் பார்த்து, அனுமதி கேட்டுப் போங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நேரம் இருந்தால் உத்தரகோசமங்கை. மரகத நடராசர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் களைவார்கள். தையில் போனால் காப்போடுதான் தரிசனம்.

கரையோரம் முழுக்க இப்படித்தான், தோண்டினால் பழசு. வைகை முகத்துவாரத்தில் அழகன்குளம் என்று ஊர். அங்கே ரோமானியக் காசும், கப்பல் கீறிய பானை ஓடும் எடுத்திருக்கிறார்கள். நேரில் போனால் பார்க்க ஒன்றுமில்லை, தென்னையும் மணலும்தான், அதனால் அலைய வேண்டாம்.

புயல்காத்து எழுதியது:

எல்லாரும் நல்ல நல்ல விஷயமாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். தனுஷ்கோடியைத் தவிர்த்துவிடுங்கள். 2017-இல் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ரோடு போட்ட பிறகு அது வேறு இடம். முன்பு மணலில் ஜீப்பில் குலுங்கிப் போகணும், அதனால் வேண்டியவர்கள் மட்டும் வந்தார்கள். இப்போது சர்ச் இடிபாட்டின் சுவர்மேல் ஏறி நின்று கல்யாண போட்டோ எடுக்கிறான். கீழே எத்தனை பேர் புதைந்தார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது?

சீசனில் ஊட்டி ரோட்டில் மாட்டிக்கொண்டு, வந்தவனை எல்லாம் திட்டுகிறோம். இ-பாஸ் வந்ததே அந்த நெரிசலால்தான். கீழே இறங்கினதும் நாமும் அதையே செய்கிறோம்.

கூடலூர் வாத்தியார் எழுதியது:

கோபம் நியாயம்தான். ஆனால் போகாதே என்பதை ஏற்கமாட்டேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் கூட்டம் கம்மி. சர்ச்சின் சுவர் பவளப்பாறைக் கல். கிட்டே நின்று பார்த்தால் உயிரினத்தின் கண்ணறைகள் தெரியும், வட்ட வட்டமாக, சின்ன நட்சத்திரம் பதித்த மாதிரி. கடலிலிருந்து எடுத்துக் கட்டினார்கள், கடல் வந்து இடித்தது. ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர், தண்ணீர்த் தொட்டி, தபால் அலுவலகம் என்று சொல்லிக் காட்டுகிற கட்டடம், இவ்வளவுதான் மிச்சம். மீனவக் குடும்பங்கள் இன்னும் அங்கே கொட்டகை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். வசிக்கத் தகுதியற்ற ஊர் என்று அரசு சொன்ன பிறகும் தொழிலை விட்டுவிட்டு எங்கே போவார்கள்? மணலைக் கையால் தோண்டி எடுக்கிற ஊற்றுத் தண்ணீர் கடலுக்குப் பக்கத்திலேயே உப்புக் கரிக்காமல் இருக்கும். அவர்களிடம் கேட்டால் குடிக்கக் கொடுப்பார்கள். சங்கு, சிப்பி வாங்குவதானால் அவர்களிடமே வாங்குங்கள்.

போகிற வழியில் கோதண்டராமர் கோயில். புயலில் தப்பியது. மாலைக்குள் எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கொளப்பள்ளிக்காரன் எழுதியது:

வாத்தியார் சார், தேதிக் கணக்கை அப்பாயியிடமும் பெரியப்பாவிடமும் படித்துக் காட்டினேன். பெரியப்பா, "அப்ப எங்க அப்பாரோட அப்பா சொன்னதுதான் அது" என்று ஒப்புக்கொண்டார். அப்பாயி மட்டும், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மண்டபம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்பாயியை அங்கே வைத்திருந்த முகாமுக்குள்ளே போக முடியுமா? அவருக்கு அதுதான் முக்கியம். பெரிய அண்டாவில் சோறு வடித்ததும், எந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பெயர் கூப்பிடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது என்கிறார். "நீலகிரி" என்று எழுதினதும் யாரோ பக்கத்தில் "அங்கயும் தேயிலதான்" என்றாராம். தாத்தா அதைக் கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினாராம்.

மலைப்பாதை கார்டு எழுதியது:

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், குன்னூர். முகாமைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பாலத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

பழைய பாலத்தில் கப்பல் போகிற இடத்தில் ஷெர்சர் வகைத் தூக்கு. இரண்டு இலையாகப் பிரிந்து இரண்டு பக்கமும் மேலே எழும். மோட்டார் கிடையாது, ஆட்கள் நின்று கையால் பல்சக்கரத்தைச் சுற்றித்தான் தூக்கினார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் கரையிலேயே நிற்கும். 1964 புயலில் கர்டர்கள் (இரும்பு விட்டங்கள்) கடலுக்குள் போனபோது ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். விழுந்த கர்டரை மீனவர்கள் தேடிக் காட்டியது பெரிய உதவி. அப்பாயி வந்தது இப்படிச் சரிசெய்த பாலத்தில்.

2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். வேலைக்கு நல்ல பாலம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழசு நம் பல்சக்கர ரயில் காலத்து வேலை. மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899, ஊட்டிக்கு நீட்டியது 1908, பாம்பன் 1914. நம் பாதைக்கு யுனெஸ்கோ பட்டம் கிடைத்துப் பிழைத்துக்கொண்டது. அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். ரோடு பாலத்தின் மேலிருந்து நன்றாகத் தெரியும். அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, எல்லாரும் நிறுத்துகிறார்கள்.

இன்னொரு முகாம் எழுதியது:

மண்டபம் பற்றி நான் சொல்லலாம். என் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் குடும்பம் அப்பாயி வந்த மாதிரி ஒப்பந்தத்தில் வந்தது இல்லை, 1990-இல் போரில் ஓடி வந்தது.

அந்த முகாமுக்கே நீளமான கதை. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டத்துக்குப் போகிறவர்களைப் பிடித்து வைத்துப் பரிசோதித்து, ஊசி போட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு கப்பலுக்கு அனுப்பிய இடம். சிலோன் அரசுதான் அதை நடத்தியது. அப்புறம் அதே இடத்தில், போனவர்களின் பிள்ளைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் நாங்கள். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது வந்தவர்களையும் அங்கேதான் வைத்தார்கள். 2021-இலிருந்து பெயர் மறுவாழ்வு முகாம்.

அதனால் தயவுசெய்து பார்க்கிற இடத்துப் பட்டியலில் அதைப் போடாதீர்கள். உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் விடவும் மாட்டார்கள். போட்டோவுக்கு வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது.

புயல்காத்து எழுதியது:

இதைத்தான் நானும் சொன்னேன். போட்டோ எடுக்கிற இடமாக எதையும் ஆக்காதீர்கள்.

சேதுச்சீமை மருமகள் எழுதியது:

அப்பாயியை அவர்களோடு சேர்க்காதீர்கள் அண்ணா. அவர் பார்க்க வருகிறது தான் தங்கியிருந்த இடம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மறுவாழ்வுப் பிரிவில் முன்கூட்டியே மனு கொடுத்துப் பார்க்கச் சொல்லலாமே?

இன்னொரு முகாம் எழுதியது:

அவரைச் சொல்லவில்லை அக்கா. மனு கொடுங்கள், குடும்ப அட்டையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையமே இருக்கிறது, பாசஞ்சர் ஏறினால் அதில் இறங்கலாம். வெளியிலிருந்தே பழைய ஓட்டுக் கட்டட வரிசை கொஞ்சம் தெரியும். அப்பாயி யாரிடமாவது பேசணும் என்றால் எங்கள் சித்தி வெளியே டீக்கடைக்கு வந்து பார்ப்பார். தனியாகச் செய்தி அனுப்புங்கள், சொல்லி வைக்கிறேன். சித்திக்கும் அட்டன், பதுளை என்றால் கேட்கப் பிடிக்கும், அவர் பக்கம் வவுனியா.

குன்னூர் வண்டி எழுதியது:

தங்குகிற இடம் பற்றி ஒரு வார்த்தை. கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் முன்பணம் கட்டிவிட்டுப் போனால் அறை இல்லை என்று கையை விரித்தார்கள், ராத்திரி பத்து மணிக்கு. அதிலிருந்து நான் பார்ட்டியை ராமேஸ்வரத்தில் தங்க வைப்பதில்லை. ராமநாதபுரத்தில் தங்கிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பலாம். அமாவாசை நாளைத் தவிர்த்துவிடுங்கள், தை அமாவாசையை முக்கியமாக. தீவுக்குள் கால் வைக்க இடம் இருக்காது.

கொளப்பள்ளிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம்: கோவை வரை அண்ணன் ஜீப். ரயிலில் மதுரை, அங்கே ராத்தங்கல். மறுநாள் பாசஞ்சரில் ராமநாதபுரம், அரண்மனை பார்த்துவிட்டு அங்கேயே தங்கல். அடுத்த நாள் மண்டபம் கேம்பில் இறங்கி, சித்தியைப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் பாலம் தாண்டுவது. ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் பஸ். கோயில் அதற்கு மறுநாள் விடிகாலை, தனுஷ்கோடி அதே காலையில். தை அமாவாசை தாண்டித்தான் கிளம்புகிறோம். பெரியப்பா கலாம் நினைவிடமும் வேண்டும் என்கிறார், பேக்கரும்பு போகிற வழிதானே, பார்த்துக்கொள்ளலாம். கீழக்கரையும் உத்தரகோசமங்கையும் இந்தத் தடவை முடியாது.

அப்பாயி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று பாக்கி. தலைமன்னாருக்கு இப்போது கப்பல் இருக்கிறதா?

கூடலூர் வாத்தியார் எழுதியது:

ராமேஸ்வரத்திலிருந்து இல்லை. 1980-களில் சண்டை வந்ததோடு நின்றது. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். விட்டு விட்டுத்தான் ஓடுகிறது, அதுவும் பாஸ்போர்ட்டோடு. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். பகலில் கண்ணுக்குத் தெரியாது, செல்போனுக்கு மட்டும் சில நேரம் அந்தக் கரை சிக்னல் வந்து ரோமிங் காசைத் தின்னும். அணைத்து வையுங்கள்.

சேதுச்சீமை மருமகள் எழுதியது:

ராமநாதபுரத்தில் இறங்குகிறபோது குண்டு மிளகாய் (முண்டு என்பதும் இதுதான்) வாங்க மறக்காதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்கள் முண்டு மிளகாய்க்குத்தான். புது அறுவடை மாசியில்தான் குவியும், தையில் பழைய சரக்கைப் புதுசு என்பார்கள், உடைத்து மணம் பார்த்து வாங்குங்கள்.

ஹட்டிப்பையன் எழுதியது:

எனக்கும் ஒரு கிலோ. கோத்தகிரி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும், பணம் அனுப்பிவிடுகிறேன்.

கொளப்பள்ளிக்காரன் எழுதியது:

ஒரு கிலோ சரி. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், ரயிலில் நான்தான் தூக்கணும்.